பூசைக் கருத்து

ஐஸ் நாற்பது பார்.
டீசல் நானூறு லிட்டர்.
அரிசி, மிளகாய்த்தூள், தண்ணீர் கேன், பீடி.
புதன்கிழமை போன என் படகு
வியாழன் வெயில் ஏறிய பிறகு
பாம்பன் தெற்குவாடிக்குத் திரும்பியது.
நான் முதலில் கேட்டது இதைத்தான்:
"இறால் எங்கே, அந்திரேயாஸ்?"

இறால் மேல்தட்டில் கறுத்துக் கிடந்தது.
கீழே, ஐஸ் அறையில்,
முனியசாமியின் சாரத்தைப் போர்த்திக்கொண்டு
ஒருவர்.

இரண்டாம் பாட்டில் வலை கனத்ததாம்.
திருக்கை என்று நினைத்தார்களாம்.
விளக்கடித்தால் விரல்கள்.
"அறுத்து விட்டுருவோம்ண்ணே" என்றிருக்கிறான் லிகோரி.
"போலீசு, வாக்குமூலம், ஆஸ்பத்திரின்னு
பத்து நாளைக்குப் படகு கட்டிக் கிடக்கும்.
நம்ம வீட்டு அடுப்பை யாரு பத்தவைப்பா?"
அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

கழுத்தில் தேடினார்கள்.
உத்தரியம் இல்லை, தாயத்து இல்லை,
கறுப்புக் கயிறும் இல்லை.
முழங்கைக்குக் கீழே பச்சை குத்திய ஒரு வரி.
வட்டம் வட்டமாக எழுத்து.
அக்கரைச் சிறையில் எழுபது நாள் கிடந்தவன் லிகோரி.
அந்த எழுத்தைச் சுவரில் பார்த்துப் பார்த்து
படிக்கத் தெரியாமலே மனதில் ஏற்றிக்கொண்டவன்.
டார்ச்சைக் கிட்டே பிடித்தான்.
வெகு நேரம் பிடித்திருந்தான்.
பிறகு அறுக்கச் சொல்லவில்லை.
இறாலை அள்ளி மேலே கொட்ட
முதலில் இறங்கியதும் அவன்தானாம்.

விடியும்வரை சுக்கானைப் பிடித்தபடி
அந்திரேயாஸ் செபமாலை சொல்லியிருக்கிறார்.
மகிமை தேவ இரகசியங்கள்.
"பிணத்தை வச்சுக்கிட்டு மகிமையா சொன்னீங்க?"
"புதன்கிழமைக்கு உள்ளதைச் சொன்னேன்" என்றார்.
அவருடைய ஞானோபதேசம் அவ்வளவுதான்.

ஐம்பது முறை
இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்.
அந்த 'எங்கள்' என்ற சொல்லுக்குள்
எஞ்சின் புகை, நாலு பேர்,
கீழே ஐஸில் அவர்.
தன் மரண நேரத்தைத் தாண்டி வந்துவிட்டவருக்கு
அது பிந்திப்போன செபமா?
தெரியவில்லை.
கடவுளிடம் கடிகாரம் இருக்காது என்று
நினைத்துக்கொள்கிறேன்.

மரைன் போலீஸ் எழுதியது:
பாடி, ஆண், அடையாளம் இல்லை.
"அது எத்தனை மணிக்குச் சிக்குச்சு?"
"அவரு ரெண்டரைக்கு வந்தாரு சார்."
"அதைத்தான் கேக்குறேன்."
"அவரைத்தான் சொல்றேன்."
நானும் காலையிலிருந்து
'அது' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
துணி விலகியபோது பார்த்தேன்.
முகத்தைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது.
தொப்புளை விட்டுவைத்திருந்தது.
ஒருத்தி பத்து மாதம்
இந்த உடம்பைத் தன்னோடு கட்டிவைத்திருந்த
கயிற்றின் முடிச்சு.
முகம் என்று ஒன்று வரும் முன்பே
இவரைத் தெரிந்திருந்தவள்
எந்தக் கரையில் சோற்றை மூடி வைத்துக் காத்திருக்கிறாளோ.

சனிக்கிழமை உபதேசியாரிடம் போனேன்.
நோட்டை விரித்தார்.
இறந்தவர் பெயர்?
தெரியாது.
நம்ம வேதமா?
தெரியாது.
பேனா நின்றது.
"தொப்புள் இருந்துச்சு" என்றேன்.
என்ன நினைத்தாரோ,
'வலையில் வந்தவர்' என்று எழுதி
பக்கத்தில் காணிக்கை ஐம்பது என்று போட்டார்.

ஞாயிறு பூசையில் சாமியார் வாசித்தார்.
மறைந்த பிரான்சிஸ்கம்மாள்,
மறைந்த சவேரியான் பிச்சை,
வலையில் வந்தவர்.
கண்ணாடியை ஒருமுறை சரிசெய்துகொண்டார்.
பின்வாசலில் எப்போதும்
பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நிற்கும் லிகோரி
நித்திய இளைப்பாற்றி என்று
யாரும் தொடங்கும் முன்பே
தொடங்கிவிட்டான், சத்தமாக, சுருதி இல்லாமல்.

படகு இன்னும் கட்டிக் கிடக்கிறது.
இறாலை நட்டத்தில் எழுதினேன். டீசலையும்.
ஐஸுக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.